வீட்டுக்குள் தெரியுது, வெளியே போனா தெரியலை: ரூட்டர் போர்ட் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

"போர்ட் போயிடுச்சுண்ணா" என்று யாராவது கூப்பிட்டால் என் முதல் கேள்வி, "எந்த போர்ட்டு? ரூட்டருக்குப் பின்னாடி வயர் சொருகற ஓட்டையா, செட்டிங்ல போடற நம்பரா?" என்பதுதான். பாதிப் பேர் ஓட்டையைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கதை கடைசியில் வரும். மற்றதெல்லாம் நம்பர் போர்ட் பற்றியது. வெளியூரிலிருந்து வீட்டு டிவிஆரையோ (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) கடைக் கம்ப்யூட்டரையோ பார்க்க, ரூட்டரின் ஃபயர்வாலில் (வெளியாரைத் தடுக்கும் காவல்) நாம் திறந்து வைக்கும் வாசல் அது.

கேமரா மாட்டுவதும் கடைகளுக்கு நெட்வொர்க் இழுப்பதும் என் பிழைப்பு. சேலம் ஐந்து ரோட்டிலிருந்து செவ்வாய்பேட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் சிரமமில்லை. ஏற்காடு அப்படியில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு இறங்கிய நாட்கள் உண்டு. அதற்கப்புறம்தான் போனிலேயே கேட்டு முடிக்கிற மாதிரி ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். காசில்லாமல் சரியாவது முன்னால், செலவு வைப்பது பின்னால்.

## கை வைப்பதற்கு முன்

ஒரு ஐபி முகவரிக்கு (நெட்டில் ஒரு பெட்டியின் அடையாள எண்) 65,535 கதவுகள், அதாவது போர்ட்டுகள், வரை உண்டு. தகவல் அனுப்பும் இரண்டு முறைகளில் டிசிபிக்கு அத்தனை, யூடிபிக்குத் தனியாக அத்தனை. வெளியிலிருந்து ஒரு கதவைத் தட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும். "வாங்க" என்று பதில் வந்தால் திறந்திருக்கிறது. "இங்கே யாரும் இல்லை, போங்க" என்று வந்தால் மூடியிருக்கிறது. தட்டத் தட்ட ஒரு சத்தமும் இல்லையென்றால் ஃபயர்வால் வாயை மூடிக்கொண்டிருக்கிறது, அல்லது தட்டியது உள்ளே வந்து சேரவே இல்லை.

பின்னிரண்டையும் பலர் ஒன்றாகச் சேர்த்து "மூடியிருக்கு" என்று விடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'கேன் யூ சீ மீ' போன்ற இலவசச் சோதனைத் தளங்களில் போர்ட் நம்பரைப் போட்டால், பார்க்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு அதற்கடுத்து ஒரு காரணமும் போடும். அதில் 'ரெஃப்யூஸ்டு' என்றிருந்தால் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். 'டைம்டு அவுட்' என்றிருந்தால் பதிலே இல்லை. அந்த ஒரு சொல்லைப் படித்துச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான் ஐபி' என்று காட்டும் முகவரி, கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினால் வரும் முகவரி, டிவிஆர் அல்லது கம்ப்யூட்டரின் உள் முகவரி, திறக்க வேண்டிய போர்ட் நம்பர். எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய எண் என்னவென்று மறந்துபோய், இருந்ததையும் கெடுத்துக்கொண்டு கூப்பிடுபவர்கள்தான் அதிகம்.

## அறிகுறி 1: வீட்டுக்குள் படம் தெரியுது, வெளியே போனா தெரியலை

### வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதிக்கிறீர்களா?

முதலில் இதை உறுதிசெய்யுங்கள். சோபாவில் உட்கார்ந்துகொண்டு வெளி முகவரியை அடித்துப் பார்த்து "வரலை" என்பார்கள். உள்ளே இருந்து வெளியே போய், அதே வாசல் வழியாகத் திரும்பி வருவதைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் வந்துவிட்டால் கோளாறே இல்லை.

### இரண்டு வெளி முகவரிகளும் ஒன்றா?

தாளில் எழுதிய முதலிரண்டு முகவரிகளை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். வேறாக இருந்தால், ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வீண். உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

வான் ஐபி 192.168 என்று ஆரம்பித்தால், பெரும்பாலும் அந்தப் பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இணையக் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டர். அதற்குப் பின்னால் நீங்கள் கடையில் வாங்கிய இன்னொரு ரூட்டர். முதல் பெட்டியிலும் அதே போர்ட்டை இரண்டாவது ரூட்டரின் முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (தானே ரூட்டராக இல்லாமல் நெட்டை மட்டும் கடத்துவது) மாற்ற வேண்டும். இந்த பிரிட்ஜ் வேலையை நீங்களே செய்யாதீர்கள். அதற்கு இணைப்பின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் வேண்டும், அவை கம்பெனி ஆளிடம்தான் இருக்கும். 'எல்லாம் சரியாகிடும்' என்று ஃபைபர் பெட்டியின் ரீசெட் பொத்தானைக் குண்டூசியால் குத்துபவர்களுக்கு ஒரு சொல்: அதற்கப்புறம் உள்ள நெட்டும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலை மேலே யாரும் வரமாட்டார்கள்.

வான் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் ஆரம்பித்தால் விஷயம் வேறு. இந்த வரிசையை 2012-ல் இணையக் கம்பெனிகளின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கினார்கள். பெயர் சிஜி நேட். ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது. ஒரு காம்பவுண்டில் பத்துக் குடித்தனம், வாசலில் ஒரே கேட், கேட் சாவி வீட்டுக்காரரிடம் என்கிற மாதிரி. உங்கள் கதவை நீங்கள் திறந்து வைத்தாலும் கேட் பூட்டியிருக்கும். சில கம்பெனிகள் இதற்கே 10 என்று ஆரம்பிக்கும் முகவரியையும் கொடுப்பதுண்டு. இந்த நிலையில் சோதனைத் தளம் என்ன சொன்னாலும் அது கம்பெனியின் கேட்டைப் பற்றிய பதில்தான், உங்கள் ரூட்டரைப் பற்றியது அல்ல.

இதற்கு மூன்று வழி. டிவிஆரில் உள்ள கிளவுட் வசதியை ஆன் செய்து, க்யூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் செய்வது முதல் வழி. டிவிஆரே வெளியே போய்ப் பேசும், போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், காசும் இல்லை. வீட்டு உபயோகத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டாவது, எப்போதும் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் (நெட்டுக்குள் நமக்கு மட்டுமான தனிப் பாதை) போடுவது. சிஜி நேட்டுக்குப் பின்னாலும் அது வேலை செய்யும். மூன்றாவது, கம்பெனியிடம் கேட்டு நிலையான தனி ஐபி வாங்குவது. அதற்குத் தனி வாடகை உண்டு, எல்லா பிளானிலும் தரவும் மாட்டார்கள். நான்கு கேமராவுக்காக அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கட்சி.

### முகவரி ஒன்றுதான், ஆனால் 'டைம்டு அவுட்' என்கிறது

ரூட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறங்கள், எந்த போர்ட்டை உள்ளே எந்தப் பெட்டிக்குத் திருப்புவது என்ற ரூல்கள் அங்கேதான் இருக்கும். சில ரூட்டர்களில் அதற்கு 'வர்ச்சுவல் சர்வர்' என்று பெயர். அங்கே போட்டிருக்கும் உள் முகவரியும் டிவிஆர் திரையில் இப்போது இருக்கும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். ஏற்காட்டில் காற்று பலமாக அடித்தால் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழும், கரண்ட் போகும். கரண்ட் வந்ததும் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் எழுந்து முகவரி கேட்கும். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதைச் சில விலை குறைந்த ரூட்டர்கள் மறந்துவிடும். நேற்று டிவிஆருக்கு இருந்த 192.168.1.5 இன்று டிவிக்குப் போயிருக்கும். நீங்கள் திறந்த வாசல் இப்போது டிவியிடம் போய் நிற்கும். ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் (உள் முகவரிகளைப் பங்கிடும் இடம்) 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் டிவிஆரின் மேக் அட்ரஸை (அந்தப் பெட்டிக்கே உரிய மாறாத எண்) போட்டு ஒரு முகவரியைக் கட்டிவிடுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்தவர்களிடமிருந்து எனக்குத் திரும்ப போன் வருவது அபூர்வம்.

முகவரி சரியாக இருந்தும் வரவில்லையென்றால், டிவிஆரின் கேட்வேயைப் பாருங்கள்: வெளியே போக எந்தப் பெட்டி வழியாகப் போவது என்று அதில் போட்டிருக்கும் முகவரி. நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மூன்று நாளாகப் படம் வரவில்லை. தோட்டத்தை மேற்பார்க்கும் அண்ணன் என்னைவிட இருபது வயது மூத்தவர். போனில்தான் பேசினோம்.

"அண்ணா, டிவிஆர் மெனுல நெட்வொர்க்னு இருக்கும், உள்ள போங்க. டீஃபால்ட் கேட்வேன்னு ஒரு வரி இருக்குங்களா?"

"இருக்கு தம்பி. 192... 168... 1... 254."

"ரூட்டரைத் திருப்பி, அடியில ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

கண்ணாடியை எடுத்துவரப் போனார். வெளியே ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம், ஒரு நாய் குரைப்பு, மறுபடி அவர் குரல். "192.168.1.1-ன்னு போட்டிருக்கு தம்பி. அப்ப அந்த 254 யாரு?"

அது பழைய ஃபைபர் பெட்டியின் முகவரி. போன வாரம் கம்பெனிக்காரர் பெட்டியை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார், டிவிஆருக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒரே வீட்டுக்குள் பார்க்க கேட்வே தேவையில்லை, அதனால் ஹாலில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே இருந்து தட்டினால் டிவிஆருக்குக் கேட்கும், ஆனால் பதிலை எந்த வழியில் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. வெளியே நிற்பவருக்கு அது மௌனம்தான். 254-ஐ 1 ஆக்கினார், வந்துவிட்டது. கிளவுட் ஆப்பிலும் அதே டிவிஆர் 'ஆஃப்லைன்' என்று காட்டினால் சந்தேகம் நேராக கேட்வே மேல் போகட்டும்.

இதெல்லாம் சரியென்றால், கம்பெனியே அந்த நம்பரை அடைத்திருக்கலாம். வீட்டு இணைப்புகளில் 80, 25, 445 போன்றவற்றை அடைத்து வைப்பது பரவலான பழக்கம். வெளி நம்பரை மட்டும் பெரியதாக, 50,000-க்கு மேல் ஒன்றாக மாற்றி, உள் நம்பரை அப்படியே விட்டுச் சோதியுங்கள். திறந்தால் காரணம் அதுதான்.

### 'ரெஃப்யூஸ்டு' என்கிறது

இது நல்ல செய்தி. வழி சரி, ஆள்தான் இல்லை. டிவிஆரில் போர்ட் நம்பர் மாறியிருக்கும், அல்லது அந்த சர்வீஸ் அணைந்திருக்கும். ஹிக்விஷன் டிவிஆர்களுக்கு வழக்கமாக 8000, டாஹுவாவுக்கு 37777, வீடியோ ஓட்டத்துக்கு 554. மெனுவில் உள்ள நம்பரும் ரூட்டரில் உள்ள நம்பரும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். 8000-ஐ 800 என்று அடித்தவர்களும் உண்டு. சில ரூட்டர்கள் ரூல் இல்லாத போர்ட்டுக்கும் தானே 'போங்க' என்று சொல்லிவிடும், எனவே ரூல் சேவ் ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

### 'திறந்திருக்கு' என்கிறது, ஆனால் படம் இல்லை

பிரவுசர் பக்கத்துக்கான 80-ஐ மட்டும் திறந்துவிட்டு, ஆப்புக்கான 8000-ஐ விட்டிருப்பார்கள். அல்லது 80-ல் பதில் சொல்வது டிவிஆரே அல்ல, ரூட்டரின் லாகின் பக்கம். வெளியிலிருந்து ரூட்டர் லாகின் தெரிகிறது என்றால் மற்றதை நிறுத்திவிட்டு, 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற அமைப்பை உடனே அணையுங்கள்.

## அறிகுறி 2: நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு இல்லை

கரண்ட் போய் வந்ததா? அறிகுறி 1-ல் சொன்ன உள் முகவரியை முதலில் பாருங்கள். அது சரியென்றால் வெளி முகவரி மாறியிருக்கும். நிலையான ஐபி வாங்காதவர்களுக்கு ரூட்டர் ஒவ்வொரு முறை இணையும்போதும் வேறு முகவரி கிடைக்கலாம். இதற்குத்தான் டிடிஎன்எஸ்: மாறும் முகவரிக்கு மாறாத பெயர். ஏற்கெனவே போட்டிருந்தால், அந்தப் பெயர் இப்போது எந்த முகவரியைக் காட்டுகிறது என்று கம்ப்யூட்டரில் பிங் அடித்துப் பாருங்கள். பழைய முகவரியைக் காட்டினால் ரூட்டரில் டிடிஎன்எஸ் லாகின் விட்டுப்போயிருக்கும். சில இலவச சேவைகள் 30 நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சல் அனுப்பி 'இன்னும் வேண்டுமா' என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடும். வாடிக்கையாளர் அந்த மெயிலை விளம்பரம் என்று நினைத்து அழித்திருப்பார்.

கரண்ட் பிரச்சினை இல்லையா? ரூட்டருக்கு அப்டேட் வந்து ரூல்கள் காணாமல் போயிருக்கலாம். ஆரம்பத்தில் எடுத்த படத்தை வைத்து மறுபடி போடுங்கள். ரூல்களும் இருக்கின்றன என்றால் வான் ஐபியை மறுபடி ஒப்பிடுங்கள். நேற்று ஒன்றாக இருந்தது இன்று 100.64 பக்கம் போயிருந்தால், கம்பெனி உங்களைச் சத்தமில்லாமல் சிஜி நேட்டுக்கு மாற்றிவிட்டது. கஸ்டமர் கேரில் பேசும்போது 'கேமரா வரலை' என்று சொல்லாதீர்கள், 'கேமரா கம்பெனியைக் கேளுங்க' என்று வைத்துவிடுவார்கள். 'எனக்கு பப்ளிக் ஐபி வேணும்' என்று மட்டும் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: ஒரே கடைக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணைப் பார்க்கலை

மண்டிக் கணக்கு வருஷ முடிவில், மார்ச் மாதக் கடைசியில்தான் இது வரும். டாலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுகிற கம்ப்யூட்டரை அடுத்த மேஜையிலிருந்து பார்க்க முடியாது. ரூட்டரைக் குடையாதீர்கள், இதில் ரூட்டரின் ஃபயர்வாலுக்கு வேலையே இல்லை. இது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த ஃபயர்வால்.

இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? ஒன்று 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் பார்க்காது, பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் கெஸ்ட் வைஃபை.

அடுத்து, விண்டோஸில் நெட்வொர்க் அமைப்பு 'பப்ளிக்' என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரை மாற்றினால் விண்டோஸுக்கு அது புது இடம், பேருந்து நிலைய வைஃபை மாதிரி நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். 'பிரைவேட்' ஆக்குங்கள்.

அதிலும் சரியாகவில்லையென்றால், சர்வர் கம்ப்யூட்டரில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து, 'நெட்வொர்க்' தாவலில் கீழே 'லிசனிங் போர்ட்ஸ்' என்ற பகுதியை விரியுங்கள். எந்த புரோகிராம் எந்த நம்பரில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது என்று வரிசையாக வரும். டாலி வழக்கமாக 9000-லும் அதன் லைசென்ஸ் சர்வர் 9999-லும் இருக்கும். மூன்று விதமாக இருக்கலாம். நம்பரே பட்டியலில் இல்லையென்றால் புரோகிராம் ஓடவில்லை, ஃபயர்வாலைத் திட்டி லாபமில்லை. நம்பர் இருந்து, முகவரிப் பத்தியில் 'லூப்பேக்' என்றிருந்தால் அந்த புரோகிராம் தன்னோடு மட்டும்தான் பேசும், அதன் அமைப்பிலேயே மாற்ற வேண்டும். நம்பரும் முகவரியும் சரியாக இருந்து, கடைசிப் பத்தியில் 'நாட் அலவ்டு' என்றிருந்தால் மட்டும் ஃபயர்வாலில் அந்த புரோகிராமுக்கு அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலையே அணைத்துப் பார்ப்பது இரண்டு நிமிடச் சோதனைக்குச் சரி. 'அணைச்சா ஓடுது, அப்படியே இருக்கட்டும்' என்று விட்டுவிடுவதுதான் தப்பு.

ரிமோட் டெஸ்க்டாப் (ஒரு கம்ப்யூட்டரின் திரையைத் தூரத்திலிருந்து இயக்குவது) வேலை செய்யவில்லை என்பவர்கள், அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் ஹோமா, புரோவா என்று முதலில் பாருங்கள். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் அழைப்பை ஏற்காது. இது தெரியாமல் அரை நாள் அதன் போர்ட்டான 3389-ஐத் திறந்து மூடியவன் நான்.

## அறிகுறி 4: நான் திறக்காத போர்ட் திறந்திருக்கு

'ஷீல்ட்ஸ் அப்' என்ற தளம் முதல் 1,056 போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்துக் கட்டம் கட்டமாக நிறம் காட்டும். சத்தமில்லாதது பச்சை, மூடியது நீலம், திறந்தது சிவப்பு. நீலத்தைப் பார்த்துப் பயந்து கூப்பிடுகிறார்கள். நீலத்தில் ஆபத்தில்லை. வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். சிவப்பைத்தான் கவனிக்க வேண்டும். 8000, 37777 போன்ற டிவிஆர் நம்பர்களும், கீழே வரும் 7547, 3389-ம் அந்த 1,056-க்குள் வராதவை, அவற்றைத் தனியாகப் போட்டுச் சோதியுங்கள்.

சிவப்புக்கு முதல் சந்தேகம் யூபிஎன்பி. வீட்டுக்குள் இருக்கும் எந்தப் பெட்டியும் ரூட்டரிடம் 'எனக்கு இந்த வாசலைத் திற' என்று கேட்டால், யாரையும் கேட்காமல் திறந்துவிடும் வசதி. வாடகைக்கு வந்தவன் சுவரை இடித்து வாசல் வைக்கிற கதை. ரூட்டரில் யூபிஎன்பி பக்கத்தில் யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். விளையாட்டுப் பெட்டி வைத்திருக்கும் வீட்டில் பையன் சண்டைக்கு வருவான், அதற்கு மட்டும் தனியாக ரூல் போடலாம்.

அடுத்தது டிஎம்இசட். ஏதோ ஒரு நாள் ஏதோ வேலை செய்யவில்லை என்று யாரோ அதை ஆன் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் எல்லாப் போர்ட்டையும் ஒரே பெட்டிக்குத் திருப்பிவிடும் அமைப்பு அது. கேமரா மாட்ட வருகிறவர்களில் சிலர், ரூல் எழுதச் சோம்பல்பட்டு இதைச் செய்கிறார்கள் என்பதை என் தொழிலைச் சேர்ந்தவன் என்ற வெட்கத்தோடே சொல்கிறேன்.

7547 மட்டும் திறந்திருந்தால், அது பெரும்பாலும் இணையக் கம்பெனி உங்கள் ஃபைபர் பெட்டியைத் தூரத்திலிருந்து பராமரிக்கும் வழி. ஆனால் 2016 நவம்பரில் ஜெர்மனியில் இதே வழியில் வந்த தாக்குதலால் ஏறத்தாழ 9 லட்சம் வீட்டு ரூட்டர்கள் முடங்கின. நீங்களாக அடைக்க முயலாமல், வெளியார் எல்லோருக்கும் ஏன் திறந்திருக்கிறது என்று கம்பெனியிடம் கேளுங்கள்.

23, 445, 3389 இந்த மூன்றில் எது திறந்திருந்தாலும் அன்றே மூடுங்கள். 23 டெல்நெட், ஒரு பெட்டியைத் தூரத்திலிருந்து கட்டளை போட்டு இயக்கும் பழைய வழி. 2016-ல் மிராய் என்ற வைரஸ் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது அதன் வழியாகத்தான், தயாரித்த கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத பெட்டிகளாகப் பார்த்து. விண்டோஸில் ஃபைல் பகிரும் 445-ல் வந்தது 2017 மே மாத வன்னாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்.

## அறிகுறி 5: போர்ட் திறந்திருக்கு, எல்லாம் ஓடுது, ஆனா ஏதோ சரியில்லை

டிவிஆர் பாஸ்வேர்ட் தானாக மாறியிருக்கும். லாக் பக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியாத முகவரியிலிருந்து லாகின் முயற்சிகள் வரிசை கட்டி நிற்கும். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ரூட்டர் விளக்கு நிற்காமல் சிமிட்டும், நெட் ஊரும்.

லாகின் முயற்சிகள் மட்டும் இருந்து எதுவும் உள்ளே வரவில்லையென்றால், திறந்த போர்ட் என்றாலே அப்படித்தான். இணையத்தில் திறந்திருக்கும் கதவுகளைத் தட்டித் தட்டிப் பட்டியல் போடும் ஷோடன் என்ற தேடுபொறியே 2009 முதல் இருக்கிறது. நம்பரை மாற்றினால் தட்டல் குறையும், பாதுகாப்பு கூடாது. ரூலை எடுத்துவிட்டு கிளவுட் வழிக்கோ விபிஎன்னுக்கோ மாறுங்கள்.

உள்ளே வந்துவிட்டார்கள் என்று தோன்றினால், முதலில் அந்தப் பெட்டியின் நெட் வயரைப் பிடுங்குங்கள். பிறகு ரூட்டரில் ரூலை அழியுங்கள். பிறகு டிவிஆரை ஃபேக்டரி ரீசெட் செய்து, பாஸ்வேர்ட் மாற்றி, அப்டேட் போடுங்கள். வரிசை மாறக்கூடாது. மிராய் மாதிரியானவை நினைவகத்தில் மட்டும் இருப்பவை. அணைத்துப் போட்டால் போய்விடும், ஆனால் வாசலும் பழைய பாஸ்வேர்டும் அப்படியே இருந்தால் சீக்கிரமே திரும்பி வந்துவிடும். வீட்டுக் கம்ப்யூட்டரையும் சந்தேகப்பட்டால், மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் இலவசத் துப்புரவு மென்பொருள்களைப் பயன்படுத்தலாம்.

லீ பஜாரில் ஒரு மண்டியில், கணக்குப் பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக 3389-ஐத் திறந்து வைத்திருந்தார்கள். பாஸ்வேர்ட் கடைப் பெயரும் 123-ம். ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ ஒரு வால் ஒட்டியிருந்தது, டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு சீட்டு. முதலாளியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "கல்லாவைப் பூட்டிட்டுத்தானே தம்பி போனோம்?" பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் சொருகியபடியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. அடுத்த மூன்று வாரம் பில் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழையபடி ஏற்றினார்கள்.

இந்தக் கட்டம் வந்தால் என்னைப் போன்ற கேமராக்காரனைக் கூப்பிடாதீர்கள். நெட் வயரை மட்டும் பிடுங்குங்கள், எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மேட் போடாதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள். தரவு மீட்பு தெரிந்த ஆளிடம் டிஸ்க்கைக் கொடுப்பது அதற்கடுத்து.

## அறிகுறி 6: அந்த இன்னொரு போர்ட், பின்னாடி உள்ள ஓட்டை

விளக்கு எரியவில்லையா? வேறு வயரைப் போட்டுப் பாருங்கள். அதே வயரை அடுத்த ஓட்டையில் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் செத்திருந்தால் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள், ரூட்டர் இன்னும் பல நாள் ஓடும். எல்லாமே செத்திருந்தால் ரூட்டரை மாற்றுவதுதான் வழி.

மலையில் இது சித்திரை இடியோடு வரும். ஃபைபர் வழியாக மின்னல் வராது. ஆஃபீஸ் கட்டடத்திலிருந்து காட்டேஜுக்கு வெட்டவெளியில் இழுத்த செம்பு லேன் வயர் வழியாக வரும், அடாப்டர் வழியாக வரும். ஒரே தோட்டத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து ஓட்டைகள் செத்தால் ரூட்டரை மாற்றிப் பயனில்லை. கட்டடங்களுக்கு நடுவே உள்ள வயரை ஃபைபராக மாற்றி இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் வயரையும் இணைக்கும் பெட்டி) போட வேண்டும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவரை, மேகம் கறுத்தால் அடாப்டரையும் அந்த நீள வயரையும் கழற்றி வையுங்கள். யூபிஎஸ்ஸை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வயர் சொருகியே இருந்தால் இடிக்கு வழி திறந்துதான் இருக்கிறது.